கல்லூரி நகரத்தில் குடியேறலாமா? மாணவர் அல்லாதவர்களுக்கு ஒரு மதிப்புரை

பல்கலைக்கழகம் இருக்கிற ஊரெல்லாம் கல்லூரி நகரம் ஆகிவிடாது. லண்டனிலும் சென்னையிலும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அவை விடுமுறை விட்டால் அடுத்த தெருவுக்குக்கூடத் தெரியாது. கல்லூரி மூடிய மறுவாரமே பஸ் குறைந்து, கடைகள் சீக்கிரம் அடைத்து, ஊர் பாதியாகிவிடுகிறதா, அது கல்லூரி நகரம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்றே பெயர் வைத்துக்கொண்ட ஊர் ஒன்று உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 40,501 பேர்; ஒட்டியிருக்கும் வளாகத்தில் படிப்பவர்கள் அதைவிட அதிகம். நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், ஜெர்மனியின் கோட்டிங்கன், ஸ்வீடனின் உப்சாலா, போர்ச்சுகலின் கோயிம்ப்ரா, இந்தியாவில் பிலானி, மணிப்பால் எல்லாம் இந்த ரகம்தான்.

மாணவர்களுக்கு வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவோம். பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து வருபவர், அவரோடு வரும் கணவர் அல்லது மனைவி, பிள்ளைகளின் பள்ளிக்காக ஊர் மாறுபவர், ஓய்வுக்காலத்துக்கு நூலகமும் கச்சேரியும் இருக்கிற சின்ன ஊர் தேடுபவர் ஆகியோருக்கு இந்த ஊர் எப்படி என்பதுதான் இங்கே கேள்வி. நல்ல ஊர்தான். ஆனால் எந்த மாதத்தில் வருகிறீர்கள், எந்த மாதத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதன் விலையும் தரமும் தலைகீழாக மாறும். நகராட்சி என்று ஒன்று இருந்தாலும் நடைமுறையில் ஊரை ஆள்வது கல்வியாண்டுக் காலண்டர். வருவதற்கு முன்பே பல்கலைக்கழக இணையதளத்தில் அதை எடுத்து 5 தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: விடுதி திறக்கும் நாள், வகுப்பு தொடங்கும் நாள், தேர்வு முடியும் நாள், பட்டமளிப்பு விழா, நீண்ட விடுமுறையின் முதல் நாள்.

வாடகை வீடு: 5க்கு ஒன்றரை மதிப்பெண்

வீட்டில் தொடங்கலாம், இந்த ஊர்களின் ஆக மோசமான அம்சம் அதுதான். மற்ற ஊர்களில் வீடுகள் வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் காலியாகும். இங்கே ஒரே நாளில் தெருத்தெருவாகக் காலியாகி, மறுநாளே நிரம்பும். விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் மாணவர் பகுதி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் 14இல் முடிந்து 15இல் தொடங்குகின்றன. நடுவில் ஓர் இரவுக்கு வீடே இல்லாமல், சாமான்களை வண்டியில் ஏற்றிவைத்துக் காத்திருப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கலாம். பாஸ்டன் மாதிரியான பெருநகரத்திலேயே செப்டம்பர் 1ஆம் தேதி இப்படித்தான்.

இந்த ஒருநாள் கூத்துக்கான விலையைக் கொடுப்பது குடிவருபவர். வீட்டைச் சரிசெய்ய உரிமையாளருக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான். பூட்டு மாறாது, அதன் சாவி முன்பு குடியிருந்த எத்தனை பேரிடம் இருக்கிறதோ தெரியாது. ஈரம் ஊறிய சுவரின் மேலேயே ஒரு கோட் பெயின்ட் அடித்திருப்பார்கள். குளிர் அல்லது மழைக்காலம் வந்ததும் அதே இடத்தில் கறுப்புப் பூஞ்சை திரும்பவும் தலைகாட்டும். புகார் சொன்னால் ஆள் வராது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், சாமான் வண்டி மூன்றும் அந்த ஒரு வாரம் ஊரில் யாருக்கும் கிடைக்காது. ஆகவே பூட்டு மாற்றுவதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பெயின்ட் புதிதாக இருக்கிற மூலைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

குடிபோவது ஆகஸ்ட், செப்டம்பரில் என்றாலும் வீடு பிடிக்கும் போட்டி அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடுகிறது. இங்கிலாந்தில் அடுத்த இலையுதிர் காலத்துக்கான வீடுகளை மாணவர்கள் நவம்பர் முதல் ஜனவரிக்குள் பேசி முடித்துவிடுவார்கள். மிச்சிகனின் ஆன் ஆர்பரில், இருக்கிறவர் குடிவந்த சூட்டிலேயே அடுத்த ஆண்டுக்கு ஆள் பிடிக்கிற வழக்கம் முற்றி, உரிமையாளர்கள் எப்போது வீட்டைக் காட்டலாம் என்று நகராட்சி சட்டமே போட வேண்டியதாயிற்று. இந்தப் போட்டியில் மாணவர் அல்லாதவர் இறங்குவது வீண். நாலு பேர் சேர்ந்து தரும் வாடகைக்கு ஒரு குடும்பம் ஈடுகொடுக்க முடியாது.

வழி வேறு. காலண்டருக்கு எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும். பாதி ஆண்டில் படிப்பை முடிப்பவர்களும் ஒரு செமஸ்டர் வெளிநாடு போகிறவர்களும் டிசம்பர், ஜனவரியில் அறைகளையும் வீடுகளையும் விட்டுப் போவார்கள். அப்போது காலியான வீடு கோடை முடியும்வரை சும்மா கிடக்கும் என்பது உரிமையாளருக்கு நன்றாகத் தெரியும். பேரம் படிகிற மாதம் அதுதான். ஜனவரியில் தொடங்கி 18 மாதம் என்று கேட்டால் அவருக்கும் லாபம், ஏனென்றால் ஒப்பந்தம் கோடையில் முடிந்து மறுபடி மாணவர் சுற்றுக்குள் வந்துவிடும். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் 12 அல்லது 24 மாதமாகக் கேளுங்கள். முடிகிற தேதி எப்போதும் குளிர்காலத்திலேயே விழும்.

இன்னொரு நல்ல வழி, கோடையில் 2, 3 மாதங்களுக்கு உள்வாடகை எடுப்பது. மாணவர்கள் தங்கள் அறையை நாற்காலி மேசையோடு கழித்துவிடத் துடிப்பார்கள். இதில் சரிபார்க்க வேண்டியவை மூன்று. உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். இல்லையென்றால் உங்களை எந்த நாளும் வெளியேற்றலாம். முன்பணம் யார் கையில் இருக்கப்போகிறது என்று தெரிய வேண்டும். ஊரைவிட்டுப் போகிற மாணவரிடம் என்றால் திரும்ப வருவது சிரமம். தண்ணீர், மின்சாரம், இணையம் யார் பெயரில் என்பது மூன்றாவது. ஆனால் கோடையில் தெரு எவ்வளவு நிசப்தமாக இருந்தாலும் அதைப் பார்த்து நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதே தெரு வகுப்பு தொடங்கியதும் எப்படி மாறும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

வீட்டைப் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் ஒப்பந்தம் எந்த வகை என்று படியுங்கள். எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்திடும் கூட்டுப் பொறுப்பு ஒப்பந்தத்தில், நாலு பேரில் ஒருவர் படிப்பை விட்டுப் போனால் அவருடைய பங்கையும் மற்ற மூவர்தான் கட்ட வேண்டும். அறைவாரி ஒப்பந்தத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பக்கத்து அறையில் யாரைக் கொண்டுவந்து போடுவது என்பது உரிமையாளர் இஷ்டம். நாற்பது வயதுக்காரர் மூன்று முதலாமாண்டு மாணவர்களோடு சமையலறையைப் பங்குபோட நேர்ந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

எத்தனை பேர் தங்கலாம் என்பதிலும் சட்டம் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் பெல் டெர் என்ற சின்னக் கிராமம், உறவல்லாத இருவருக்கு மேல் ஒரே வீட்டில் குடியிருக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தது. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக மாணவர் 6 பேர் தங்கிய வீட்டின் மீது எழுந்த வழக்கில், 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. இன்றும் பல கல்லூரி நகரங்களில் இப்படி உச்சவரம்பு இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேராத 5 பேரோ அதற்கு மேலோ பகிர்ந்து தங்கினால் அந்த வீட்டுக்கு உரிமம் வேண்டும். ஐந்தாவது ஆளே கணக்கில் வந்துவிடுவார். "ஒப்பந்தத்தில் ரெண்டு பேர் பேர் மட்டும் போதும், மத்தவங்க சும்மா இருந்துக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால் காரணம் இதுதான். பெயர் இல்லாதவருக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

மாணவர்களுக்கு விடப்பட்ட வீடுகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு: படுக்கையறை எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகக் கூடத்தையோ உணவறையையோ பலகை வைத்துத் தடுத்திருப்பார்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற சத்தம் வந்தால் அந்த அறை பின்னால் வந்தது. பக்கத்து அறைக்காரரின் அலாரம் உங்களை எழுப்பும். அந்த அறைக்குத் திறக்கக்கூடிய ஜன்னல் இருக்கிறதா, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அறையில் எத்தனை சுவர் பிளக் என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் முன்பு இருந்தவர்கள் ஹீட்டர் முதல் கெட்டில் வரை நீட்டிப்புப் பலகையில்தான் செருகியிருப்பார்கள். பிளக்கைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் உள்ளே ஒயர் சூடாகியிருக்கிறது.

வெந்நீர்த் தொட்டியின் அளவைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. கணக்கு எளிது. ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் வரும் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் 8 நிமிடம் குளிக்க 64 லிட்டர். தொட்டியில் 60 டிகிரி, குழாயில் 15 டிகிரி, குளிப்பது 40 டிகிரி என்றால் அந்த 64இல் 36 லிட்டர் தொட்டியிலிருந்து போகும். 5 பேருக்கு 180 லிட்டர். தொட்டி 150 லிட்டர் என்றால் ஐந்தாவது ஆள் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். குடும்பத்துக்கு என்று கட்டிய வீட்டில் 5 மாணவர்கள் இருந்து போயிருந்தால் தொட்டியின் அடியில் சுண்ணாம்பு வேறு படிந்திருக்கும்; சூடேறும்போது கொதிக்கிற பானை மாதிரி கடகடவென்று சத்தம் வந்தால் அதுதான்.

முன்பணம் திரும்பக் கிடைப்பது முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சாமான் இறக்குவதற்கு முன், காலி வீட்டை ஒரே தொடர் வீடியோவாக எடுங்கள்: ஒவ்வொரு அறையின் 4 மூலை, கூரை, ஜன்னல் கட்டை, அலமாரி உள்பக்கம், அடுப்பின் உள்பக்கம், மெத்தையின் அடிப்பக்கம், மின்சார மீட்டர் எண். அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்; அனுப்பிய தேதிதான் ஆதாரம். ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிற உரிமையாளர்களுக்குச் சுத்தம் செய்த செலவு, சுவர்க் கறை, காணாமல்போன நாற்காலி என்று கழிப்பதில் நல்ல பயிற்சி இருக்கும். இங்கிலாந்தில் முன்பணம் பொதுவாக 5 வார வாடகையைத் தாண்டக்கூடாது. 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் அதைப் போட்டுவிட வேண்டும். அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

சத்தம்

சத்தத்தின் மேல் எல்லோரும் குறைப்படுவார்கள். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தால் பாதிப் பிரச்சினையை வீடு எடுப்பதற்கு முன்பே தீர்த்துவிடலாம். வீட்டுக்குள் நடக்கும் விருந்தைவிட, விருந்து முடிந்து நடந்துபோகிற கூட்டம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. வரைபடத்தை எடுத்து, மதுக்கூடங்கள் இருக்கிற தெருவிலிருந்து பெரிய விடுதிகளுக்கு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் இருக்கிற தெருக்களில் வியாழன், வெள்ளி, சனி இரவு 11 முதல் 3 மணி வரை பேச்சும் பாட்டும் கடந்துபோய்க்கொண்டே இருக்கும். கோட்டிலிருந்து இரண்டே தெரு விலகினால் நிலைமை வேறு. வகுப்பு நடக்கிற வாரத்தின் வியாழன் இரவு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பார்ப்பது எந்த விளம்பரத்தையும்விட உண்மை சொல்லும்.

பகலிலும் அடையாளங்கள் கிடைக்கும். முன்வாசலில் பழைய சோபா, ஒரே வாசலில் நாலைந்து சைக்கிள், மூடாத குப்பைத் தொட்டி, ஜன்னலுக்குத் திரைக்குப் பதில் கொடி. இப்படி ஒரு வீடு பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம். இருபக்கமும் இருந்தால் வேண்டாம். படுக்கையறை தெருவைப் பார்க்காமல் பின்பக்கம் இருக்க வேண்டும் என்பது இந்த ஊர்களில் அடிப்படை விதி.

பக்கத்து வீட்டு மாணவர்களைக் கையாளும் முறை எளிமையானது, ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் குடிவந்த முதல் வாரத்திலேயே போய்ப் பெயர் சொல்லி, போன் நம்பரைக் கொடுத்து, "ராத்திரி சத்தம் ஜாஸ்தியானா மெசேஜ் பண்றேன்பா, போலீஸுக்கு எல்லாம் போக மாட்டேன்" என்று சொல்லிவிடுவது நன்றாக வேலை செய்கிறது. பெரும்பாலான சத்தம் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. சுவருக்கு அப்பால் 6 மணிக்கு எழுகிறவர் இருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அது பலிக்கவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் ஊர்த் தொடர்பு அலுவலகத்துக்கு முகவரி, தேதி, நேரத்தோடு எழுதுங்கள். நகராட்சி அபராதத்தைவிடக் கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைக்கு மாணவர்கள் அதிகம் பயப்படுவார்கள்.

ஊருக்கும் மாணவர்களுக்குமான இந்த உரசல் பல்கலைக்கழகங்கள் அளவுக்கே பழையது. ஆக்ஸ்போர்டில் 1355 பிப்ரவரி 10 அன்று ஒரு மதுக்கடையில் ஒயின் சரியில்லை என்று தொடங்கிய வாய்த்தகராறு பெருங்கலவரமாகி, இருதரப்பிலும் சேர்த்துத் தொண்ணூறு பேர் வரை செத்துப்போனார்கள். அதற்குப் பரிகாரமாக நகர மேயர் ஆண்டுதோறும் வந்து அபராதம் கட்டும் வழக்கம் 1825 வரை நீடித்தது. அதைப் பார்த்தால் இன்றைய ஸ்பீக்கர் சத்தம் தேவலை.

போட்டி நாட்கள் தனிக் கணக்கு. அமெரிக்கக் கல்லூரி நகரங்களில் இலையுதிர் கால சனிக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி இருக்கும். ஆன் ஆர்பரில் 2020 கணக்குப்படி 1,23,851 பேர். அங்குள்ள மிச்சிகன் ஸ்டேடியத்தின் இருக்கைகள் 1,07,601. அந்த நாளில் காரை வெளியே எடுக்காதீர்கள், விருந்தினரை அழைக்காதீர்கள், மளிகை வேலையை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். பட்டமளிப்பு வாரத்துக்கு ஓட்டல் அறைகள் ஓராண்டு முன்பே நிரம்பிவிடும். அந்த வாரத்தில் உங்கள் வீட்டில் கல்யாணமோ கிரகப்பிரவேசமோ வைத்தால் உறவினர்களைத் தங்கவைக்க இடம் கிடைக்காது.

தெருவோரச் சாமான்கள்

தேர்வு முடிந்த வாரம் தெருவெல்லாம் மேசை, அலமாரி, விளக்கு, குட்டி பிரிட்ஜ் என்று குவிந்து கிடக்கும். விமானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் நல்ல பொருளையும் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். மரம், இரும்பு, கண்ணாடி எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். மெத்தை, சோபா, துணி போர்த்திய நாற்காலியைத் தொடவே வேண்டாம், மூட்டைப்பூச்சிதான் காரணம். மர அலமாரி, கட்டில் சட்டத்தைக்கூடத் திருகு ஓட்டைகளிலும் இணைப்புகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். துணிகளை எடுத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் முன் பையில் கட்டி, உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் குறைந்தது 30 நிமிடம் ஓட்டுங்கள். துவைப்பதைவிட அந்தச் சூடுதான் முட்டையையும் கொல்லும்.

மரத்தூள் பலகை அலமாரிகளில் அடிப்பக்கம் ஊதியிருந்தால் ஈரத்தில் நின்றது, பாரம் தாங்காது. சுழல் நாற்காலியில் 5 நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மெல்ல இறங்கினால் உள்ளே இருக்கும் வாயு உருளை போய்விட்டது. காசு கொடுத்துப் பழைய பொருள் வாங்குவதானால் தேர்வு வாரத்தில் வாங்குங்கள், விற்பதானால் விடுதி திறக்கிற வாரத்தில் விற்றுவிடுங்கள். இடையில் உள்ள சில மாதங்களில் அதே மேசைக்கு அப்படி ஒரு விலை வித்தியாசம்.

போக்குவரத்தும் இணையமும்

இந்த அளவு ஊருக்கு இவ்வளவு பஸ் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் கால அட்டவணை இரண்டு இருக்கும், செமஸ்டர் நாட்களுக்கு ஒன்று, விடுமுறைக்கு ஒன்று. வீடு பார்க்கும்போது இரண்டாவதைப் பாருங்கள். 10 நிமிடத்துக்கு ஒன்று என்று நம்பிப் போன தடம் விடுமுறையில் மணிக்கு ஒன்றாகும், ஞாயிறு ஓடவே ஓடாது. பஸ் வளாகத்துக்குப் போகும், ரயில் நிலையத்துக்குப் போகும். பொது மருத்துவமனைக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் போகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

கார் இருந்தால் நிறுத்த இடம் கிடைக்காது. சைக்கிள்தான் சரியான வண்டி. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரம் 1967இலேயே சாலையில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டது. சைக்கிள் அதிகம் இருக்கிற இடத்தில் திருட்டும் அதிகம், அதுவும் புதுப் பிள்ளைகள் வந்து இறங்குகிற முதல் மாதத்தில். யூ வடிவக் கெட்டிப் பூட்டால் சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துத் தரையில் பதித்த கம்பியோடு பூட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் மாலையில் சக்கரம் மட்டுமே இருக்கும். சட்டத்தின் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். மீட்கப்பட்ட சைக்கிள்களை ஏலம் விடுவதற்கு முன் உரிமை கோர அது வேண்டும்.

இணைய வேகம் ஏட்டில் பிரமாதமாக இருக்கும். மாணவர் குடியிருப்பில் இரவு 8 முதல் 12 வரை வைஃபை திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இணைப்பு அல்ல, காற்றில் நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடியில் முப்பது ரௌட்டர்கள் அந்த மூன்றில் முட்டிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், வேலை செய்யும் கணினிக்குக் கம்பி இழுங்கள். ஊரெங்கும் தெரியும் எடுரோம் என்ற பல்கலைக்கழகங்களின் பொது வைஃபை நெட்வொர்க்கில் உறுப்பு நிறுவனங்களின் கணக்கு இருந்தால்தான் நுழைய முடியும். 2002இல் ஐரோப்பாவில் தொடங்கி இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் அது இருந்தாலும், சாதாரணக் குடியிருப்பாளருக்கு அதனால் பயனில்லை.

இதற்காகத்தான் வர வேண்டும்

இந்த ஊர்களுக்கு முழு மதிப்பெண் கிடைப்பது நூலகத்திலும் நிகழ்ச்சிகளிலும். பல அரசுப் பல்கலைக்கழக நூலகங்கள் வெளியாரை உள்ளே வந்து படிக்க அனுமதிக்கின்றன. சிறு கட்டணத்தில் ஊர்வாசி அட்டை கொடுத்தால் புத்தகமும் எடுத்துப் போகலாம். அட்டை வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: நூலகத்துக் கணினியில் உட்கார்ந்தால் ஆய்விதழ்களைப் படிக்கலாமா? வீட்டிலிருந்து கிடைக்காத சந்தா இதழ்கள் உள்ளே இருக்கிற கணினியில் திறப்பது உண்டு. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் வெளியாருக்குத் தடை இருக்கலாம். இருக்காவிட்டாலும் நாற்காலி கிடைக்காது.

சொற்பொழிவுகளைப் பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கத்தில் தேடாதீர்கள். அங்கே பெரிய பெயர்கள் மட்டும்தான். துறைவாரி அறிவிப்புப் பட்டியலில் சேர்ந்தால் வாரத்துக்கு ஐந்தாறு நல்ல பேச்சு கிடைக்கும், பெரும்பாலும் இலவசம். ஜெர்மனி, ஸ்வீடன் பல்கலைக்கழகங்களில் 10 மணி என்று போட்டால் 10.15க்குத் தொடங்குவது பழைய மரபு. சரியாகப் 10 மணிக்குப் போய்க் காலி அறையைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். இசைத் துறை இருக்கும் ஊரில் செமஸ்டர் கடைசி மூன்று வாரங்கள் ஒரே கச்சேரிதான், ஏனென்றால் மாணவர்களின் தேர்வே மேடையில் வாசிப்பது. ஆக்ஸ்போர்டில் 1683இல் திறந்த ஆஷ்மோலியன், கேம்பிரிட்ஜில் 1816இல் நிறுவிய ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகங்களுக்கு இன்றும் நுழைவு இலவசம்.

மருத்துவத்திலும் லாபம் உண்டு, காலண்டரைப் பார்த்தால். சின்ன ஊரில் எல்லாத் துறை நிபுணர்களும் கிடைப்பது போதனா மருத்துவமனை இருப்பதால்தான். புதிய பயிற்சி மருத்துவர்கள் அமெரிக்காவில் ஜூலைத் தொடக்கத்திலும், இங்கிலாந்தில் ஆகஸ்ட் முதல் புதன்கிழமையும் பணியில் சேர்கிறார்கள். தள்ளிப்போடக்கூடிய சிகிச்சையை அந்த வாரங்களில் வைத்துக்கொள்ள வேண்டாம். குடும்ப மருத்துவரிடம் பதிவுசெய்வதை வகுப்பு தொடங்கும் மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பல் மருத்துவக் கல்லூரி இருந்தால் கட்டணம் குறைவு. ஆசிரியர் ஒவ்வொரு படியையும் சரிபார்ப்பதால் வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் ஒரு பல்லுக்கு மணிக்கணக்கில் வாய்திறந்து உட்கார வேண்டும்.

கடைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜெராக்ஸ், காபி, சைக்கிள் பழுது, நள்ளிரவுச் சாப்பாடு ஏராளம். குழந்தைக்குச் செருப்பு, நல்ல மரச்சாமான், ஆணி திருகு, வயதானவர்கள் உடுத்தும் துணி தேடினால் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும்.

வேலையும் நட்பும்

கூட வரும் துணைக்கு வேலை கிடைப்பது கடினம். ஊரின் மிகப்பெரிய வேலைதருநர் பல்கலைக்கழகமே. அங்கே ஆய்வு நிதியில் வரும் பணிகள் ஒன்று முதல் மூன்று ஆண்டு ஒப்பந்தம்தான். கடை, உணவகம், அலுவலக உதவி போன்ற வேலைகளுக்கு மாணவர்கள் வரிசையில் நிற்பதால் சம்பளம் ஏறாது. எனவே முதல் வேலைக்கான பேச்சுவார்த்தையிலேயே, கையெழுத்துக்கு முன், துணையின் வேலையைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். சில பல்கலைக்கழகங்களில் இதற்கென்று திட்டமே உண்டு. சேர்ந்த பிறகு கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

பள்ளிகள் பொதுவாக நன்றாக இருக்கும். ஆனால் பிள்ளையின் நெருங்கிய தோழியின் அப்பா ஒப்பந்த ஆய்வாளர் என்றால் இரண்டு மூன்று ஆண்டில் அந்தக் குடும்பம் கிளம்பிவிடும். பெரியவர்களுக்கும் இதே கதைதான். நிலையாக இருக்கிறவர்கள் தேவாலயக் குழு, தோட்டச் சங்கம், பள்ளிப் பெற்றோர் குழு, தன்னார்வத் தீயணைப்பு போன்ற இடங்களில் இருக்கிறார்கள், வளாகத்துக் காபிக் கடையில் அல்ல.

வாங்குவதற்கு முன் சில எண்கள்

ஊரின் புள்ளிவிவரத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். அமெரிக்கக் கணக்கெடுப்பு 1950 முதல் மாணவர்களைக் கல்லூரி இருக்கும் ஊரிலேயே எண்ணுகிறது. விடுதிக்கு வெளியே தங்கும் மாணவருக்கு வருமானம் இல்லாததால் ஊரின் வறுமை விகிதம் எகிறி நிற்கும். 25 வயதுக்கு மேற்பட்டவர்களின் வருமானத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

வரி வேறு விஷயம். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டடங்களுக்குச் சொத்து வரி கிடையாது. பிரிட்டனில் எல்லோருமே முழுநேர மாணவர்களாக இருக்கிற வீட்டுக்குக் கவுன்சில் வரி விலக்கு. ஊரின் பாதி நிலம் கணக்கில் வராதபோது மிச்சச் சுமை வீட்டுக்காரர்கள் மேல் விழுகிறது. இதை ஈடுகட்டச் சில பல்கலைக்கழகங்கள் தாமாக முன்வந்து பணம் தருகின்றன. யேல் 2021இல் நியூ ஹேவன் நகரத்துக்கு 6 ஆண்டுகளில் சுமார் 13.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. வீடு வாங்கும் ஊரில் அப்படி ஒப்பந்தம் இருக்கிறதா, எப்போது முடிகிறது என்று நகராட்சி வரவுசெலவுத் திட்டத்தில் பாருங்கள்.

கடைசியாக, கல்லூரியே நிலைக்குமா என்ற கேள்வி. பெரிய அரசுப் பல்கலைக்கழகம் என்றால் கவலையில்லை. சிறிய தனியார் கல்லூரியை நம்பியிருக்கும் ஊர்களில் ஆபத்து உண்மையானது. வெர்மான்ட் மாநிலத்தில் சுமார் 3,000 பேர் வாழும் போல்ட்னியில் 1834இல் நிறுவப்பட்ட கிரீன் மவுண்டன் கல்லூரி 2019இல் மூடப்பட்டது. இப்படிப்பட்ட ஊரில் வீடு வாங்குமுன் கடந்த 5 ஆண்டுகளின் முதலாமாண்டுச் சேர்க்கை எண்ணைத் தேடி எடுங்கள். மொத்த மாணவர் எண் மெதுவாகத்தான் குறையும், முதலாமாண்டு எண் முதலிலேயே காட்டிக்கொடுக்கும். அங்கீகார அமைப்பின் எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு அடுத்தபடியாக அந்த ஊரில் அதிகம் பேருக்கு வேலை தருவது யார் என்று விசாரியுங்கள். மருத்துவமனை, மாவட்ட அலுவலகம், தொழிற்சாலை என்று ஏதாவது ஒன்று இருந்தால் வாங்கலாம். ஒன்றுமே இல்லை என்றால் வாடகைக்கே இருங்கள், அதுவும் ஜனவரியில் தொடங்கும் ஒப்பந்தமாக.